மறு: 'நேரோலி டெய்லர்டு' – சத்தத் தடை வழக்குகளுக்கு ஒரு சொல்

> 'குறைந்தபட்சத் தடை' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் அக்கா, தப்பாகப் புரியும். நம் சொற்பட்டியலுக்குத் தமிழ் தேடும் 'நேரோலி டெய்லர்டு' (narrowly tailored), பேச்சைக் கட்டுப்படுத்தும் விதி அதன் நோக்கத்துக்கு அளவாக இருக்க வேண்டும் என்கிற அமெரிக்கச் சட்டச் சொல். இருப்பதிலேயே குறைந்த தடையாக இருக்க வேண்டும் என்பதல்ல; 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வார்டு வழக்கில் மறுத்ததே அந்தப் பொருளைத்தான். சென்ட்ரல் பார்க் கச்சேரி மேடையில் நியூயார்க் நகரம் தரும் ஒலிக்கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும், இயக்குவதும் நகரத்தின் ஆள்தான் என்று விதி. இதைவிட மென்மையான வழி உண்டு என்று காட்டினாலே விதி விழுந்துவிடாது என்றது நீதிமன்றம். பேசுவது என்ன என்று பார்த்துத் தடுக்கக் கூடாது. அரசின் முக்கியமான நோக்கத்துக்கு வேண்டியதைவிட ரொம்ப அதிகமாக அடக்கக் கூடாது. சொல்ல வந்ததைச் சொல்ல வேறு வழி இருக்க வேண்டும். இவ்வளவுதான் அளவுகோல்.

'குறைந்தபட்சம்' நம் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 36ஆம் பிரிவுக்கு வேண்டிய சொல். உரிமையைக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழி உண்டா என்று கேட்பது அதுதான். அங்கேயும் எடைபோட வேண்டியவற்றில் அது ஒன்று, அவ்வளவே. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பட்டியலே குழம்பிவிடும்.

> டர்பன் பக்கத்து இசிப்பிங்கோவின் பாங்கு (தொழுகை அழைப்பு) வழக்கையும் எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாம்.

இந்தச் சொல்லுக்கு வேண்டாம். அது மாநகராட்சித் துணைவிதி வழக்கு அல்ல, அண்டை வீட்டார் தொல்லை வழக்கு. ஒலிபெருக்கிகூடக் கிடையாது, வெறும் குரல். பக்கத்து வீட்டுக்குள் கேட்கவே கூடாது என்று 2020இல் டர்பனில் வந்த உத்தரவை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் ரத்து செய்தது. காதில் விழுவது மட்டும் போதாது, பொறுக்கத்தக்க அளவைத் தாண்டியதா என்பதே கேள்வி. அதை 'தொல்லை' என்ற தலைப்பில் வைக்கலாம்.

> அப்படியானால் 'மிகாத் தடை'?

நெருங்கி வருகிறது. ஆனால் 'மிகா' என்றதும் வல்லினம் மிகா இடங்கள்தான் ஞாபகம் வருகிறது. போதாக்குறைக்கு அதன் பின்னாலேயே ஒரு 'த்' மிகுந்து நிற்கிறது!

என் ஓட்டு 'நோக்கம் மிஞ்சாத் தடை'. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் காவடிக்கு உருமி அடிக்கும் பெரியவர் ஒருவரிடம் விளக்கமே சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன். "ராத்திரி ஸ்பீக்கர் கூடாதுன்னா சரி, பகல்ல உருமியும் கூடாதுன்னா மிஞ்சிப்போச்சு" என்றார். சட்டக் கல்லூரியில் இதற்கு மேல் என்ன சொல்லித்தரப் போகிறார்கள்?

அப்புறம், 'கன்டென்ட் நியூட்ரல்' (content neutral), அதாவது பேசுவது என்ன என்று பார்க்காத தடை, இன்னும் பாக்கி. 'உள்ளடக்கச் சார்பற்ற' வாயில் நுழையவில்லை. 'பொருள் பாராத் தடை' எப்படி? 'பொருள்' என்றதும் காசு என்று நினைப்பார்களோ என்பதுதான் தயக்கம்.