த்ரில்லர் ஆல்பம் முழுக்கப் பேய்ப் பாட்டுதானா?

மஞ்சக்குப்பம்வாசி: நேற்று கடலூரில் அடைமழை, கரண்ட் இல்லை. அண்ணனின் பழைய மைக்கேல் ஜாக்சன் கேசட்டை பேட்டரி டேப்பில் போட்டேன், கதவு கிரீச்சிடும் சத்தம் வந்ததுமே என் பொண்ணு போர்வைக்குள் போய்விட்டாள். முழுக்க இப்படித்தானா?

முத்தியால்பேட்டை: இல்லைங்க. 1982 நவம்பர் இறுதியில் வெளியீடு, 9 பாட்டில் பேய்க்கதை 'த்ரில்லர்' என்ற அந்த ஒன்றுதான். 1983 டிசம்பரில் வந்த அதன் வீடியோதான் அதை மேற்கத்தியப் பேய்த் திருவிழாவான ஹாலோவீனோடு ஒட்ட வைத்தது.

பழைய தட்டு: எல்பி இசைத்தட்டில் அது முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. திகில் பட நடிகர் வின்சென்ட் பிரைஸ் அதன் முடிவில் சிரித்து முடித்ததும் ஊசி மட்டும் கரகரக்கும், எழுந்து போய்த் தட்டைத் திருப்பவே கால் வராது.

முத்தியால்பேட்டை: அப்புறம் அதே ஆல்பத்தில் 'பில்லி ஜீன்' பாட்டை ஹெட்போனில் கேளுங்க. வெறும் டிரம்மும் பேஸ் கிட்டாரும் வரும் அந்தத் தொடக்கம், எனக்கு அதுதான் அதிகப் பயம்.

மஞ்சக்குப்பம்வாசி: சரி, இன்றிரவே கேட்கிறேன்.