கியூ வளைவு: சிறுமமே இல்லை, ஆனால் விடை கண்முன் இருக்கிறதே?

அரைக்கோளம் கேட்கிறார்:
யமாபே கணக்கை (மெட்ரிக்கைக் கோணம் மாறாமல் புள்ளிக்குப் புள்ளி நீட்டிச் சுருக்கி ஸ்கேலார் வளைவை மாறிலியாக்குவது) இப்போதுதான் முடித்தேன். 1960-இல் தொடங்கி 1984-இல் ஷோன் முடித்துவைத்த கதை. அங்கே ஃபங்ஷனலின் (ஒவ்வொரு சார்புக்கும் ஓர் எண் தரும் அளவையின்) சிறுமத்தைப் பிடித்தால் போதும், ஸ்கேலார் வளைவு மாறிலியாகிவிடும். அதே தைரியத்தில் நான்கு பரிமாணத்தில் கியூ வளைவுக்கு (ஸ்கேலார், ரிச்சி வளைவுகளிலிருந்து கணக்கிடும் இன்னொரு வளைவு) வந்தேன்; அதையும் மாறிலியாக்க வேண்டும். எடுத்தது இரண்டு ஹைபர்போலிக் பரப்புகளின் பெருக்கம்: ஜீனஸ் (துளைகளின் எண்ணிக்கை) 2, ஜீனஸ் 3, காஸ் வளைவு −1. ஃபங்ஷனல் அடியில்லாமல் இறங்குகிறது. ஆனால் பெருக்க மெட்ரிக்கிலேயே கியூ எங்கும் 1/3! எங்கே தப்பு?

நான்காம்படி:
தப்பே இல்லை. முதலில், நீங்கள் 12-ஆல் வகுக்கும் கட்சி என்று தெரிகிறது (ஸ்கேலார் −4, ரிச்சி நீளத்தின் வர்க்கம் 4, ஸ்கேலாரின் வர்க்கம் 16-இல் ரிச்சி வர்க்கத்தின் மும்மடங்கு 12 போக 4, வகுத்தால் 1/3). 6-ஆல் வகுக்கும் கட்சியும் உண்டு. இரண்டையும் கலந்து நான் ஒரு மாதம் தொலைத்திருக்கிறேன்.

நான்கு பரிமாணக் கோளத்தின் மொத்த கியூ (கோளம் முழுக்கத் தொகையிட்டது) 8 பை வர்க்கம். அதை 1 என்று வையுங்கள். உங்கள் பெருக்கத்துக்கு 4/3 வரும். இந்த மொத்தம் கன்ஃபார்மல் (கோணம் மாறாத) மாற்றத்தில் மாறாது, எனவே தப்பிக்க வழியில்லை.

ஒரு புள்ளியில் கோளம் போன்ற குமிழியை ஊதி, லாம்டா மடங்கு கூர்மையாக்குங்கள். அதே அலகில் ஃபங்ஷனலின் பனெய்ட்ஸ் பகுதிக்கு (கியூவோடு கூட வரும் நான்காம்படி வகைக்கெழுச் செயலி தருவது) செலவு 4 மடக்கை லாம்டா. மற்ற பகுதியில் வரவு, மொத்த கியூவின் 4 மடங்கு மடக்கை லாம்டா. மொத்தம் 1-ஐத் தாண்டினால் வரவு ஜெயிக்கும், ஃபங்ஷனல் பாதாளத்துக்குப் போகும். சாங்கும் யாங்கும் 1995-இல் மொத்தம் 1-க்குக் கீழே என்றும், பனெய்ட்ஸ் செயலி குறையாகாது (குறை ஐகன் மதிப்பு இல்லை), அதன் கெர்னலில் (அது சுழியாக்கும் சார்புகளில்) மாறிலிகள் மட்டுமே என்றும் வைத்துக்கொண்டது இதனால்தான்.

தாண்டிய பிறகு தேட வேண்டியது சேணப் புள்ளியை (ஒரு திசையில் ஏறி மறு திசையில் இறங்கும் நிலைப்புள்ளி). மொத்தம் 1-க்கும் 2-க்கும் நடுவில், செயலியும் குறையாகாமல் இருந்தால், மிகத் தாழ்ந்த மட்டத்துச் சார்புகள் (ஃபங்ஷனல் மதிப்பு மிகக் குறைந்தவை) ஏதோ ஒரு புள்ளியருகே குவிந்தே ஆகவேண்டும். ஆக அந்த மட்டம் உங்கள் மேனிஃபோல்டின் வடிவத்தையே எடுக்கும். அதைப் புள்ளியாகச் சுருக்க முடியாது. மிக உயர்ந்த மதிப்புவரை எல்லாச் சார்புகளையும் சேர்த்த மேல் மட்டத்தையோ சுருக்கலாம். நடுவில் எங்கோ ஒரு சேணப் புள்ளியில் முட்டியாக வேண்டும். ஜாட்லியும் மால்கியோடியும் 2008-இல் வெளியிட்டது இந்த வழிதான். கெர்னல் நிபந்தனை அவர்களுக்கும் வேண்டும். மொத்தம் 1, 2, 3 என்று முழு எண்ணாகவும் இருக்கக்கூடாது.

ஒட்டுத்திண்ணை:
செயலி குறையாகாது என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் பெருக்கத்தில் லாப்லாசியன் ஐகன் மதிப்பு மியூ என்றால் பனெய்ட்ஸுக்கு மியூ வர்க்கம் கழித்தல் மூன்றில் இரண்டு மியூ. ஒரு பரப்புக்கு நீண்ட மெல்லிய கழுத்து இருந்தால் மியூ 2/3-க்குக் கீழே விழும், குறை மதிப்பு வந்துவிடும்.

கெர்னல் தகராறும் உண்டு. இருபரிமாணக் கோளம் பெருக்கல் ஹைபர்போலிக் பரப்பில் ஸ்கேலார் 0, கியூ −1. ஆனால் கோளத்தின் முதல் ஹார்மானிக்குகள் (லாப்லாசியன் ஐகன் மதிப்பு 2) கெர்னலில் உட்கார்ந்துகொள்கின்றன: 2-இன் வர்க்கம் 4, கழித்தல் 4, சுழி. ஜாட்லி, மால்கியோடி தேற்றம் பேசாது, விடையோ எதிரில் இருக்கிறது.

அரைக்கோளம்:
ஆக, சிறுமம் இல்லாததற்கும் விடை இல்லாததற்கும் சம்பந்தமில்லை. சரி, ஜீனஸ் 3-க்குப் பதில் 4 போட்டால்?

நான்காம்படி:
மொத்தம் சரியாக 2. தேற்றம் அங்கேயும் வாய் திறக்காது. கியூ என்னவோ அதே 1/3.