தியானம், தன்விசாரம், எழுத்து: ஒன்றை ஒன்று வளர்க்கிறதா, தின்கிறதா?

நாலரைமணி எழுதியது:

பதினான்கு மாதங்களாகத் தினமும் காலை நாலரை மணிக்கு எழுந்துவிடுகிறேன். முதலில் நாற்பது நிமிடம் மூச்சைக் கவனித்தபடி உட்கார்ந்திருப்பேன். அடுத்த இருபது நிமிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் என்னை நானே விசாரிப்பேன்: நேற்று எதற்குக் கோபம் வந்தது, எதைத் தள்ளிப்போட்டேன், ஏன். பிறகு ஒன்றரை மணி நேரம் நாவல் வேலை. கைப்பேசி அடுத்த அறையில் கிடக்கும்.

என் கட்சி இதுதான். இவை தனித்தனிப் பயிற்சிகள் அல்ல, ஒரே ஏணியின் மூன்று படிகள். தியானம் சிதறிய கவனத்தைச் சேர்த்துத் தருகிறது. விசாரம் அதை உள்ளே திருப்புகிறது. படைப்பு அதை வெளியே கொண்டுவருகிறது. ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் நொண்டும். மறுப்பவர்கள் தாராளமாக வரலாம்.

உளிச்சத்தம் எழுதியது:

நாவல் எத்தனை பக்கம் வந்திருக்கிறது?

நாலரைமணி எழுதியது:

பக்கக் கணக்கில் என்ன இருக்கிறது நண்பரே? நான் பேசுவது மனிதன் மாறுவதைப் பற்றி.

கூட்டல்கழித்தல் எழுதியது:

"தியானம் சிதறிய கவனத்தைச் சேர்த்துத் தருகிறது" என்ற வரியில்தான் எனக்கு வழக்கு. 2014-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்மருத்துவ ஆய்விதழில் 47 சோதனைகளை, அவற்றில் பங்கேற்ற 3,515 பேரை, ஒன்றாகச் சேர்த்து அலசிய கட்டுரை வந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் தியானம் ஓரளவு உதவுகிறது என்பதற்கு நடுத்தரமான சான்று இருந்தது. கவனம், தூக்கம், உற்சாகமான மனநிலை என்று வந்தபோது சான்று சொற்பம், அல்லது இல்லவே இல்லை. உடற்பயிற்சியையோ மருந்தையோ விடத் தியானம் மேலானது என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. பதற்றம் குறைந்தது என்று நீங்கள் சொன்னால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்வேன். ஏணி என்றால்தான் முதல் படியே ஆடுகிறது.

நாலரைமணி எழுதியது:

ஆய்வுக்கு ஆய்வு. 2010-இல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக வேளைகெட்ட வேளையில் "இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது" என்று கேட்டுப் பார்த்தார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் மனம் செய்யும் வேலையில் இல்லை. அப்படி அலையும்போது மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. பாதி நாள் வீட்டில் இல்லாத மனத்தை வைத்துக்கொண்டு யார் நாவல் எழுதுவது?

கூட்டல்கழித்தல் எழுதியது:

மகிழ்ச்சி வேறு, படைப்பு வேறு. கணித மேதை புவான்கரே பதினைந்து நாட்கள் ஒரு சிக்கலோடு மல்லுக்கட்டினார், பிறகு எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஒரு பயணம் கிளம்பினார். வண்டியின் படியில் காலை வைத்த நொடியில் அந்தச் சிக்கலை ஒட்டிய முக்கியமான எண்ணம் ஒன்று வந்து விழுந்தது என்று அவரே பதிவு செய்திருக்கிறார். மனம் அலைந்ததால் வந்த எண்ணம் அது. அதற்கு முன் பதினைந்து நாள் உழைப்பு இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் சொல்வீர்கள்.

தியானத்திலும் வகை உண்டு. 2012-இல் லொரென்சா கொல்சாட்டோ குழுவினர் செய்த ஒரு சிறிய ஆய்வில், வருவது எதுவானாலும் தடுக்காமல் பார்த்திருக்கும் தியானத்துக்குப் பிறகு புதிய எண்ணங்கள் அதிகம் வந்தன. ஒரே பொருளில் மனத்தைக் குவிக்கும் தியானத்துக்குப் பிறகு அப்படி நடக்கவில்லை. நீங்கள் செய்வது இரண்டாவது வகை. எழுதுவதற்கு முன் தவறான மாத்திரையை விழுங்குகிறீர்களோ என்னவோ.

வெறும்சாட்சி எழுதியது:

இளைஞர்கள் புள்ளிவிவரத்தில் மோதிக்கொள்கிறீர்கள், நல்லது. எனக்கு அறுபத்தெட்டு வயது, ஒரு சொல்லைப் பற்றி மட்டும் புகார். விசாரம் என்று தம்பி எழுதியிருக்கிறார். 1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, பேசாமல் இருந்த இளம் ரமணர் எழுதிக் காட்டிய பதில்களில் விளங்குகிற விசாரம் வேறு. அங்கே கேள்வி "நான் ஏன் கோபப்பட்டேன்" என்பதல்ல. கோபம் வந்ததா, யாருக்கு வந்தது? எனக்கு. அந்த நான் யார்? இத்துடன் நிற்க வேண்டும். கூட்டித் தள்ள வேண்டிய குப்பையை உட்கார்ந்து ஆராய்வதில் பயனில்லை என்பது அவர் வாக்கின் சாரம். நீங்கள் தினமும் இருபது நிமிடம் குப்பையை வகை பிரித்து நோட்டில் பதிகிறீர்கள்.

இன்னொன்று. பிணம் எரிக்கும் தடி கடைசியில் தானும் எரிந்துபோவதைப் போல, "நான் யார்" என்ற நினைவு மற்ற நினைவுகளை அழித்துத் தானும் அழியும் என்றார். அழியப்போகிற ஒருவனை மேம்படுத்துவது எப்படி? சுயமுன்னேற்றம் என்பதும் ஆன்ம விசாரம் என்பதும் ஒரே வண்டியில் பூட்டக்கூடிய மாடுகள் அல்ல. ஒன்று கிழக்கே இழுக்கும், மற்றது வண்டியே இல்லை என்னும்.

நாலரைமணி எழுதியது:

ஐயா, அந்த உயரத்துக்கு நான் இன்னும் வரவில்லை. முதலில் கொஞ்சம் நல்ல மனிதனாகிறேன், பிறகு காணாமல் போகிறேன்.

உளிச்சத்தம் எழுதியது:

பக்கம்?

தூக்கமில்லாதவள் எழுதியது:

இந்தத் திரியில் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் பத்து நாள் மௌன முகாம் ஒன்றுக்குப் போனேன். ஏழாம் நாள் இரவு உறக்கம் போனது. இதயம் அடிக்கும் ஓசை அறை முழுவதும் கேட்பது போல் இருந்தது. என் கையைப் பார்த்தால் வேறு யாருடைய கையோ என்று தோன்றியது. நடத்துபவரிடம் சொன்னேன். "பழைய கசடு வெளியேறுகிறது, இன்னும் ஆழமாக உட்காருங்கள்" என்றார். உட்கார்ந்தேன். வீடு திரும்பிய பிறகும் ஐந்து மாதம் ஒழுங்கான தூக்கம் இல்லை, மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. பிற்பாடு தேடியபோதுதான் வில்லோபி பிரிட்டன் என்ற ஆய்வாளரின் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வு கண்ணில் பட்டது. பௌத்தத் தியானம் செய்யும் அறுபது பேரைப் பேட்டி கண்டிருக்கிறார்கள். அச்சம், தூக்கமின்மை, தன் உடலே தனதில்லை என்ற உணர்வு, எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படி என்று அதுவரை வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் "எவருக்கும் நல்லது" என்று யாராவது சொல்லும்போது வயிற்றில் ஏதோ இறுகுகிறது.

இப்போது நான் உட்காருவதில்லை. இலை வரைகிறேன். ஒரு இலையை மேசையில் வைத்துப் பென்சிலால் அதன் நரம்புகளை மட்டும். முதல் பத்து நிமிடம் என் மனம் தான் அறிந்த "இலை" ஒன்றை வரையப் பார்க்கும்: நேர்த்தியாக, இரு பக்கமும் ஒன்று போல. எதிரே கிடக்கும் இலையோ அப்படி இருக்காது. ஒரு பக்கம் பூச்சி தின்றிருக்கும், நரம்பு எதிர்பாராத இடத்தில் கிளை பிரியும். மனத்தில் உள்ள இலையை விட்டுவிட்டு மேசையில் உள்ள இலையைப் பார்க்க ஆரம்பிக்கும் தருணம் ஒன்று வரும். அப்போது நான் அங்கே இருப்பதில்லை. முகாமிலும் "நான்" காணாமல் போனது, பயந்து செத்தேன். இங்கேயும் காணாமல் போகிறது, இனிமையாக இருக்கிறது. வேறுபாடு என்னவென்று கேட்டால், இங்கே பிடித்துக்கொள்ள ஒரு இலை இருக்கிறது.

வெறும்சாட்சி எழுதியது:

மகளே, ஆழமாக உட்காரச் சொன்னவர் தவறு செய்தார். நோய் கண்டவரைப் பாயில் உட்கார வைப்பது எந்த மரபிலும் இல்லை. இலையை விடாதீர்கள். மற்றவர்களிடம் வாதம் செய்ய எனக்குத் தெம்பு இருக்கிறது, உங்களிடம் இல்லை.

கூட்டல்கழித்தல் எழுதியது:

நன்றி, இதை எழுதியதற்கு. நோட்டுப் புத்தகத்தைப் பற்றி நான் தயங்கிக்கொண்டிருந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே விஷயத்துக்குக் கொடுத்தார்: துயரத்தைப் பற்றியே "ஏன், ஏன்" என்று மென்றுகொண்டிருப்பவர்களுக்கு மனச்சோர்வு நீள்கிறது. உடனே சிலர் பென்னிபேக்கர் என்ற உளவியலாளரின் 1986 ஆய்வைக் கொண்டுவருவார்கள். மாணவர்கள் தங்கள் வாழ்வின் கசப்பான அனுபவங்களை எழுதினார்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகப் போனார்கள். உண்மைதான். எவ்வளவு எழுதினார்கள்? பதினைந்து நிமிடம், நான்கு நாள். பதினான்கு மாதம் அல்ல.

தவிர, நோட்டில் எழுதும் காரணங்கள் உண்மையான காரணங்கள்தாம் என்று எப்படித் தெரியும்? 1977-இல் உளவியலாளர்கள் நிஸ்பெட்டும் வில்சனும் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். ஒரே மாதிரியான நான்கு ஜோடிக் காலுறைகளை வரிசையாக வைத்து எது தரமானது என்று கேட்டார்கள். வலக்கோடியில் இருந்ததையே பலரும் எடுத்தார்கள். காரணம் கேட்டால் பின்னல், துணி என்றார்கள். வைத்த இடம்தான் காரணமோ என்று கேட்டபோது, பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். நாம் எல்லோரும் அந்தக் காலுறைக்காரர்கள்தாம். உங்கள் நோட்டில் இருப்பது விசாரணை அறிக்கையா, நீங்கள் நாவலுக்குக் கொடுக்க வேண்டிய புனைவா என்று ஒருமுறை பாருங்கள்.

உளிச்சத்தம் எழுதியது:

நான் மர வேலைக்காரன். முப்பத்தோரு ஆண்டுகளாகச் செதுக்குகிறேன். கண்ணை மூடி உட்கார்ந்ததில்லை, என்னை விசாரித்ததும் இல்லை. ஆனால் என் முன்கோபம் பற்றி எனக்கு மரம் சொன்ன அளவுக்கு எவரும் சொன்னதில்லை. அவசரத்தில் கொட்டாப்புளியை, அதாவது மரச் சுத்தியலை, ஒரு அடி கூடுதலாகப் போட்டால், நாற்பது நாள் செதுக்கிய முகத்தில் மூக்கு பறந்துவிடும். நோட்டில் பொய் எழுதலாம், அடுத்த நாள் அதற்கு ஒரு காரணமும் எழுதலாம். போன மூக்கு போனதுதான்.

என்னிடம் ஒரு பையன் வேலை கற்க வந்தான். உங்களைப் போலவே ஒழுங்கானவன். தினமும் வந்ததும் ஒரு மணி நேரம் உளிகளைச் சாணை பிடிப்பான். நகத்தில் வைத்துக் கூர்மை பார்ப்பான். வரிசையாக அடுக்குவான். ஒரு மாதம் விட்டுப் பார்த்தேன். பிறகு கேட்டேன், "நேற்று எங்கேடா வெட்டினாய், இன்று கூர்தீட்டுகிறாய்?" மழுங்கினால் சாணை பிடிப்போம், மணி பார்த்துப் பிடிப்பதில்லை. வெட்டும்போதுதான் எந்த முனை மழுங்கியது என்றே தெரியும். அவன் சோம்பேறி இல்லை, அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மரத்தைக் கண்டு பயந்தான். பயத்தை ஒழுங்காக்கி வைத்திருந்தான்.

இரண்டு முறை கேட்டுவிட்டேன். மூன்றாவது முறை கேட்கவில்லை.

நாலரைமணி எழுதியது:

பத்தொன்பது.

பதினான்கு மாதத்தில் பத்தொன்பது பக்கம். விசார நோட்டு நான்கு முடிந்து ஐந்தாவது ஓடுகிறது. இதை எழுதும்போது காது சுடுகிறது.

இருபதாம் பக்கத்தில் ஒரு காட்சி. அப்பா வெளியூரிலிருந்து அழைக்கிறார், மகன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே எடுக்காமல் விடுகிறான். அங்கே நிற்கிறது ஏழு மாதமாக. நோட்டில் "இந்தக் காட்சியை ஏன் தவிர்க்கிறேன்" என்று பதினோரு முறை எழுதியிருக்கிறேன், இப்போதுதான் எண்ணினேன். பதினோரு இடத்திலும் பதில் வெவ்வேறு, எல்லாமே நம்பும்படி இருக்கின்றன. காலுறைக்காரர்கள் என்று சொன்னவர் சிரித்துக்கொள்ளலாம்.

உளிச்சத்தம் எழுதியது:

நாளை எழுந்ததும் நேராக அந்தக் காட்சி. மோசமாக எழுதுங்கள். உட்காருவது, நோட்டு எல்லாம் பிறகு.

நாலரைமணி எழுதியது:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். இருபத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறேன்.

முதல் இரண்டு நாள் எழுதியது குப்பை. மூன்றாம் நாள், மகன் பக்கத்திலிருந்து எழுதுவதை விட்டு அப்பா இருக்கும் அறையை எழுதினேன். மணி அடித்து ஓய்கிறது. அவர் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைக்கிறார், திரும்ப அழைப்பு வந்தால் வெளிச்சம் தெரியக்கூடாது என்பது போல. அதை எழுதிய பிறகு கை ஓடவில்லை. என் அப்பா அப்படித்தான் வைப்பார். நான்கு நோட்டிலும் இது இல்லை.

ஆனால் என் கட்சியை முழுதாக விடவில்லை. அந்த இடத்தில் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தேனே, அது பதினான்கு மாதம் உட்கார்ந்து பழகியதால் வந்தது என்றே நம்புகிறேன்.

கூட்டல்கழித்தல் எழுதியது:

இருக்கலாம். இங்கே ஊர் கூடி உங்களைக் கேள்வி கேட்டதால் வந்த ரோஷமாகவும் இருக்கலாம். உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

வெறும்சாட்சி எழுதியது:

உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்க நாக்கு துறுதுறுக்கிறது. அடக்கிக்கொள்கிறேன்.

தூக்கமில்லாதவள் எழுதியது:

கவிழ்த்து வைத்ததை மகன் எப்போதாவது பார்க்கிறானா?

நாலரைமணி எழுதியது:

அதுதான் இப்போது சிக்கல். பார்த்தால் கதை சீக்கிரம் முடிந்துவிடுகிறது, பார்க்காவிட்டால் அந்த அறையை நான் எழுதியதற்கே நியாயம் இல்லை. உளிச்சத்தம் ஐயா, இழைக்கு எதிராகத்தான் வெட்ட வேண்டும் என்ற இடம் வந்தால் என்ன செய்வீர்கள்?

உளிச்சத்தம் எழுதியது:

சிறிய உளி. கொட்டாப்புளி வேண்டாம், கை அழுத்தம் மட்டும்.