குதிகால் வலி எட்டு மாசமா விடல, நரம்பு பிரச்சனையா இருக்குமா?

கேள்வி:
ஜவுளிக்கடைல சேல்ஸ்ல இருக்கேங்க, காலைல ஒன்பதரைக்கு நின்னா ராத்திரி ஒன்பது ஆயிடும். எட்டு மாசமா வலது குதிகால் வலி. எக்ஸ்ரே பாத்துட்டு எலும்பு வளர்ந்திருக்குன்னு ரெண்டு ஊசி போட்டாங்க, சுடுதண்ணி ஒத்தடம், எம்சிஆர்னு மெத்துன்னு இருக்கற செருப்பு எல்லாம் பாத்தாச்சு. காலைல முதல் அடி வைக்கும்போதுதான் வலிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா எனக்கு காலைல பரவால்ல, பொழுது சாய சாய உள்பக்கமா தீ வச்ச மாதிரி எரியுது, படுத்தாலும் விடல. மூணாவது ஊசி போடலாம்ங்கறாங்க, பயமா இருக்கு.

பதில் 1:
சகோதரி, நான் பிசியோதெரபிஸ்ட். முதல் அடில குத்திட்டு நடக்க நடக்க குறைஞ்சா பெரும்பாலும் பாதத்துக்கு அடில இருக்கற சவ்வுல பிரச்சனை, அதுதான் பிளான்டர் ஃபேசியைட்டிஸ். நீங்க சொல்றது அதுக்கு நேர்மாறா இருக்கு. குதிகாலோட உள்பக்கத்துல பாக்ஸ்டர் நரம்புன்னு சின்னதா ஒண்ணு ரெண்டு தசைக்கு நடுவுல புகுந்து சுண்டுவிரல் பக்கமா போகும், அது அங்க நசுங்கினா இப்படித்தான் எரியும். எக்ஸ்ரேல நரம்பு தெரியாது. எலும்பு வளர்ச்சி வலியே இல்லாதவங்களுக்கும் இருக்கும், அதனால அத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. ரெண்டு கால் சுண்டுவிரலையும் வெளிப்பக்கமா விரிச்சுப் பாருங்க, நல்லா இருக்கற கால் விரியுது வலிக்கற கால் விரியலன்னா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. ரெண்டுமே விரியலன்னா அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, நிறைய பேருக்கு அப்படித்தான்.

பதில் 2:
எனக்கும் இதேதான் இருந்துச்சுங்க. ஒன்றரை வருஷம் எலும்புன்னே நினைச்சு அலைஞ்சேன், கடைசில எம்ஆர்ஐல சுண்டுவிரல் தசை சுருங்கிப் போயிருக்குன்னு பாத்துதான் நரம்புன்னு கண்டுபிடிச்சாங்க. பாத வளைவுக்கு இன்சோல், கெண்டைக்கால் ஸ்ட்ரெச்சிங், அப்புறம் ஸ்கேன் பாத்துக்கிட்டே நரம்பு பக்கத்துல ஒரு ஊசி, நாலு மாசத்துல நல்லா குறைஞ்சிடுச்சு, ஆபரேஷன் வரைக்கும் போகல. ஒரே எடத்துல திரும்பத் திரும்ப ஸ்டீராய்டு ஊசி போட்டா குதிகால் கொழுப்பு மெத்தை தேஞ்சு போகும், சவ்வும் கிழியலாம், அதனால மூணாவதுக்கு முன்னாடி இன்னொரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

பதில் 3:
சுகர், பி12 வைட்டமின் பாத்தீங்களா? ரெண்டு காலும் எரிஞ்சா சுகரோ பி12 குறைவோ காரணமா இருக்கலாம். இடுப்புல இருந்து வலி இறங்குதான்னும் கவனிங்க. அப்புறம் கடைல உக்கார ஸ்டூல் கேளுங்கம்மா, தமிழ்நாட்டுல 2021லயே அதுக்கு சட்டத்திருத்தம் வந்தாச்சு, தயங்காதீங்க.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இப்பதான் விரிச்சுப் பாத்தேன், இடது விரல் விரியுது, வலது அசையவே இல்ல. சுகர் போன மாசம் பாத்தது நார்மல், பி12 பாக்கல. ஊசி வேண்டாம்னு சொல்லிட்டு வியாழக்கிழமை வேற எலும்பு டாக்டர்கிட்ட போறேன், என்ன சொன்னாங்கன்னு வந்து எழுதுறேன்.