போர்க்கால ஜப்பானின் வாசிப்புக் குழுக்கள்: ஜப்பானிய மொழி தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

நண்பர்களே, வணக்கம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜப்பானிய ஊர்களில் இளைஞர்களுக்காக நடத்திய வாசிப்புக் குழுக்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இஷிகாவா மாகாண நூலகத்தின் தலைவராக இருந்த நகாதா குனிஸோ போருக்கு முன்பே இந்த வேலையில் இறங்கியவர். பள்ளியை முடித்துவிட்டு வயலுக்குப் போன பிள்ளைகள் தாமாகவே படித்து வளர வேண்டும் என்பது அவர் எண்ணம். 1942இல் கல்வி அமைச்சகமும் ஜப்பான் நூலகச் சங்கமும் சேர்ந்து இதை நாடு முழுவதும் பரப்ப முனைந்தன. அப்புறம் எதைப் படிக்கலாம் என்பதிலும் அரசின் கை ஓங்கியது.

எனக்கு வேண்டியது மேலிடத்து உத்தரவுகள் அல்ல. அவை ஓரளவு கிடைக்கின்றன. குழுவில் உட்கார்ந்து படித்த பையன்களும் பெண்களும் என்ன நினைத்தார்கள்? அவர்களுடைய வாசிப்புக் குறிப்பேடுகள், ஊர் இளைஞர் சங்க இதழ்கள், பிற்கால நினைவுக் குறிப்புகள் எங்கே கிடைக்கும்? இஷிகாவா, நாகானோ பகுதி என்றால் மிக நல்லது. அரசு போட்ட வட்டத்துக்குள்ளும் அவர்கள் தங்களுக்கென்று ஏதாவது கண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். அது பதிவாகாமல் போகக் கூடாது.

ஜப்பான் தேசிய நாடாளுமன்ற நூலகத்தின் டிஜிட்டல் தொகுப்பில் தேடிப் பழகியவர்கள், எந்தச் சொற்களைப் போட்டுத் தேடலாம் என்று சொன்னாலே பெரிய உதவி. போருக்கு முந்தைய எழுத்துமுறையைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன்.