முகாமுக்கு வராதவர்களைத் தேடிப் போனபோது

பதிவு மேஜைத் தன்னார்வலர்

ஒன்பது வருடமாகக் கண் முகாம்களில் பதிவு மேஜையில் உட்காருகிறேன். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பெயர் எழுதுவது, அட்டை கொடுப்பது, பாவை விரிய சொட்டு மருந்து விட்டவர்களை நிழலில் வரிசையாக உட்கார வைப்பது, இவ்வளவுதான் என் வேலை. இந்த வேலை செய்த மற்றவர்களும் எழுத வேண்டும் என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பாட்டி வந்தார். எழுபது வயது இருக்கும். டார்ச் அடித்தால் இரண்டு கண்ணிலும் பாவைக்குள் பால் வைத்தது போல வெள்ளை. முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் ஏதோ அசைகிறது என்று மட்டும் சொன்னார். டாக்டர் ‘முத்தின புரை, இன்றைக்கே வண்டியில் ஏற்றுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தார். பாட்டி எழுந்து வீட்டுக்குக் கிளம்பினார்.

“வேண்டாம் கண்ணு. இருக்கிற வரைக்கும் இப்படியே ஓட்டிடறேன்.”

ஆபரேஷன் இலவசம், உள்ளே வைக்கிற லென்ஸ் இலவசம், போக வர வண்டியும் நாங்களே என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கைத்தடியைக் கேட்டார். தடியின் மறுமுனையைப் பத்து வயதுப் பேத்தி பிடித்திருந்தாள். இருவரும் போய்விட்டார்கள். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு செய்தும் வேண்டாம் என்கிறாரே என்று.

ஒரு வாரம் மனசு கேட்கவில்லை. அட்டையில் இருந்த முகவரியை வைத்துக்கொண்டு வீட்டுக்கே போனேன். திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசிய பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கண்ணை வெளியே எடுத்துக் கழுவிவிட்டுத் திரும்ப வைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதே தெருவில் ஒருவருக்குப் பல வருடத்துக்கு முன்பு ஆபரேஷன் செய்து சீழ் பிடித்துக் கண்ணே போய்விட்டது. அது வதந்தி இல்லை, உண்மையாக நடந்தது. இதெல்லாம் போக, இவர் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் பேத்தி ராத்திரி யார் வீட்டில் தூங்குவாள்? அதை மட்டும் குரலை ரொம்பத் தாழ்த்திச் சொன்னார்.

எங்கள் அட்டையில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. இந்தப் பாட்டி ஒருவர் மட்டும் இப்படி இல்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தென்னிந்தியக் கிராமங்களில் முகாம் நடந்த இடங்களில் விசாரித்து 1999-ல் ஓர் ஆய்வு வந்தது. கண்ணில் குறை இருந்த பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 100-க்கு சுமார் 7 பேர்தான். மற்றவர்களெல்லாம் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்றபின் 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை பின்னாளில் கிராமங்களிலேயே நிரந்தரமான சிறு பார்வை மையங்களைத் திறந்ததன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. முகாம் ஒரு நாள் வந்துவிட்டுப் போய்விடும். பயத்தோடு இருப்பவர் மனசை ஒரே நாளில் மாற்ற முடியாது.

பாட்டி கதை இன்னும் முடியவில்லை. முதலில் நீங்கள் எழுதுங்கள்.

கண் நர்ஸ்

‘பேத்தி எங்கே தூங்குவாள்’ என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். நானும் இது மாதிரி ஒரு கேள்வியிடம் தோற்றிருக்கிறேன்.

ஒரு தொண்டு அமைப்பு மூலமாக எத்தியோப்பியாவின் அம்ஹாரா பகுதியில் எட்டு மாதம் வேலை செய்தேன். அங்கே என்னை உலுக்கியது புரை இல்லை, டிரக்கோமா. சின்ன வயதில் திரும்பத் திரும்ப வரும் கிருமித் தொற்று. வருடக்கணக்கில் இமையின் உட்பக்கம் தழும்பேறிச் சுருங்கி, இமையே உள்ளே மடிந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு தடவை சிமிட்டும்போதும் இமைமயிர் கருவிழியைக் கீறும். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் தடவை சிமிட்டுகிறோம்! கருவிழி வெளுத்து, பார்வை போய், அதற்குப் பிறகும் வலி மட்டும் போகாது. குழந்தைகளோடேயே இருப்பதால் பெண்களுக்குத்தான் இது அதிகம்.

ஒரு அம்மா கழுத்தில் கயிறு கட்டி ஒரு சின்ன சாமணத்தைத் தொங்கவிட்டிருந்தார். உள்ளூர்க் கொல்லர் செய்த இரும்புச் சாமணம், முனை தேய்ந்து பளபளவென்று இருந்தது. வலி தாங்காதபோது இமைமயிரைத் தானே பிடுங்கிக்கொள்வார். பார்வை மங்கிய பிறகு அந்த வேலை மகளுக்கு. பிடுங்கிய இடத்தில் முளைக்கிற கட்டை மயிர் முன்னதைவிட மோசமாகக் குத்தும்.

இமையை வெளிப்பக்கம் திருப்பித் தைக்கிற ஆபரேஷன்தான் இதற்கு வழி. அதை அங்கே செய்பவர்கள் பெரும்பாலும் கண் டாக்டர்கள் இல்லை, அதற்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸுகள். அப்படி ஒருவர்தான் அந்த அம்மாவுக்குச் செய்தார், நான் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுத்தேன். தையல் பிரித்த அன்றைக்கும் சாமணம் கழுத்திலேயே இருந்தது. இனி எதற்கு என்று கேட்டேன். “திரும்ப உள்ளே மடிந்தால்?” என்றார். நியாயமான கேள்வி. சிலருக்கு மடியத்தான் செய்கிறது. திரும்பவும் போய்ப் பார்க்க ஆள் வேண்டும்.

நான் தோற்ற கேள்வி வேறு. டிரக்கோமாவைத் தடுக்க ஆபரேஷனோடு இன்னும் மூன்று வேண்டும்: ஊர் முழுக்க மாத்திரை, குழந்தைகளுக்கு முகம் கழுவும் பழக்கம், தண்ணீரும் கழிப்பறையும். மாத்திரை அசித்ரோமைசின், மருந்து நிறுவனம் நன்கொடையாகக் கொடுப்பது. அளவுக்கம்பத்தில் குழந்தையை நிறுத்தி உயரத்தைப் பார்த்தே எவ்வளவு என்று முடிவு செய்யலாம், தராசு தேவையில்லை. அது சுலபமாக நடந்தது. குழந்தை முகத்தைத் தினமும் கழுவுங்கள் என்று நான் சொன்னபோது ஒரு இளம் தாய், முதுகில் இருந்த தண்ணீர்க் குடத்தை இறக்கிக்கூட வைக்காமல், “எதில் கழுவ?” என்று கேட்டார். ஓடை ஒரு மணி நேர நடை. எனக்குப் பதில் வரவில்லை.

முடியவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன். கானா 2018-லும் மலாவி 2022-லும் இந்தியா 2024-லும் டிரக்கோமாவைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. அந்தச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடம்தான் ஞாபகம் வருகிறது.

கருவி பழுது பார்ப்பவர்

நோயாளிகளோடு எனக்குப் பழக்கம் குறைவு. ஆப்பிரிக்காவில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் கண் பிரிவுக் கருவிகளைச் சரி பார்க்கப் போனேன். ஒரு அறையில் நான்கு கருவிகள், துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். எல்லாம் நல்ல மனசோடு யாரோ அனுப்பியவை. ஒன்று 110 வோல்ட்டுக்குச் செய்தது, அதை 230-ல் செருகியிருக்கிறார்கள், கருகிவிட்டது. இரண்டுக்கு உதிரி பாகமே கிடைக்காது. நான்காவது ஸ்லிட் லாம்ப், கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கிற கருவி. பல்பு போயிருந்தது. அவ்வளவுதான்! ஒரு பல்புக்காக ஒன்றரை வருடம் சும்மா கிடந்திருக்கிறது.

என் பையில் இருந்ததைப் போட்டேன், எரிந்தது. அங்கே இருந்த உதவியாளரிடம் ஐந்து பல்பைக் கொடுத்து மாற்றக் கற்றுக்கொடுத்தேன். கண்ணாடியை விரலால் தொடக் கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும் என்றேன். அவர் துணியால் பிடித்து மூன்று தடவை கழற்றி மாட்டிப் பார்த்தார். அந்தப் பயணத்தில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று நினைக்கிறேன். தானம் கொடுப்பவர்கள் கருவியோடு உதிரி பாகத்தையும் அதைக் கற்றுக்கொடுக்க ஒரு ஆளையும் சேர்த்து அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் அனுப்பாமல் இருப்பது நல்லது.

அங்கங்கேயே தயாரித்தால் என்ன ஆகும் என்பதற்கு லென்ஸே சாட்சி. ஹரோல்டு ரிட்லி என்ற கண் டாக்டர் லண்டனில் 1949-ல் கண்ணுக்குள் முதல் லென்ஸை வைத்தார். ஆனால் பல பத்தாண்டுகளுக்கு ஏழை நாடுகளில் புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடியைத்தான் கொடுத்தார்கள். பக்கவாட்டில் எதுவும் தெரியாது, கண்ணாடி உடைந்தால் மறுபடியும் இருட்டு. வெளிநாட்டு லென்ஸ் 100 டாலருக்கு மேல். 1992-ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் லென்ஸ் தயாரிப்புக்கூடமான ஆரோலேப் தொடங்கியது. பிறகு ஆஸ்திரேலியாவின் பிரெட் ஹாலோஸ் கண் அறக்கட்டளையின் உதவியோடு நேபாளத்திலும் எரித்ரியாவிலும் லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். விலை 10 டாலருக்கும் கீழே இறங்கியது. இன்று இலவசமாக லென்ஸ் வைக்க முடிகிறது என்றால் அந்த வேலையும் அதற்குள் இருக்கிறது.

தையல் குழுவில் இருப்பவர்

ஆபரேஷனைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம், வெறும் கண்ணாடியைப் பற்றியும் இரண்டு வரி. எங்கள் குழுவில் நாற்பத்தைந்து வயது அக்கா ஒருவர் ஊசியில் நூல் கோக்க முடியாமல் வேலையை விடுவதாக இருந்தார். முகாமில் பக்கத்தில் இருப்பதைப் பார்க்க ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். அங்கேயே நின்றபடி பையிலிருந்து ஊசியை எடுத்து ஒரே தடவையில் கோத்தார், அப்புறம் நூலை உருவிவிட்டு மறுபடி கோத்தார். அசாமில் தேயிலை பறிக்கும் நாற்பது வயது கடந்த தொழிலாளர்களுக்கு இதே கண்ணாடியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. கண்ணாடி வாங்கியவர்கள் வாங்காதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகப் பறித்தார்கள். இதற்கு டாக்டர்கூட வேண்டாம், அளவு பார்க்கத் தெரிந்த ஒருவர் போதும்.

பதிவு மேஜைத் தன்னார்வலர்

எல்லாருக்கும் நன்றி. அந்தக் குடத்தையும் பல்பையும் மறக்க முடியாது. பாட்டி கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அவரை மாற்றியது நான் இல்லை. அடுத்த ஊரில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு அம்மாவை மூன்றாவது தடவை போகும்போது கூட்டிக்கொண்டு போனேன். அவர் எதையும் விளக்கவில்லை. பாட்டி முன்னால் உட்கார்ந்து, “தொட்டுப் பாருங்க அக்கா, கண்ணு இங்கேயேதான் இருக்கு” என்று பாட்டியின் விரலை எடுத்துத் தன் இமைமேல் வைத்தார். பேத்தியும் கூடவே தங்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சம்மதித்தார்கள். அதற்கு நான் ஒரு தடவை கேட்டதே போதுமாக இருந்தது. ஏன் முன்பே கேட்கவில்லை என்று இன்றும் வருத்தம்.

வலது கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன். தையல் இல்லாத சிறு கீறல் முறை, பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். முதலில் என்னைப் பார்த்து, “குரலை வெச்சு நல்ல உயரமான ஆளுன்னு நெனச்சேன் கண்ணு” என்றார். அப்புறம் பேத்தியை ஜன்னல் பக்கம் இழுத்து முகத்தை வெளிச்சத்தில் திருப்பினார். நெற்றியில் ஒரு பழைய தழும்பு. அதை விரலால் தடவி, “இது எப்போ?” என்று கேட்டார்.

தடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தபோது விழுந்தது என்றாள் அவள். பாட்டி வருத்தப்படுவார் என்று இரண்டு வருடமாகச் சொல்லவில்லையாம். பாட்டி அவளை விடவே இல்லை. நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பாட்டியின் இடது கண் பாக்கி இருக்கிறது. அடுத்த முகாமுக்குத் தனியாகவே நடந்து வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். பதிவு நோட்டில் முதல் வரியில் அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.