ஈரல் கொழுப்பு: ஊசி குத்தாமல் அளக்க முடியுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயசு. அல்ட்ராசவுண்டில் கொழுப்பு ஈரல், கிரேடு 2 (நடுத்தர அளவு). பயாப்சி (ஊசி குத்தி ஈரலில் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) என்றதும் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. எம்.ஆர்.ஐ. மெஷினிலேயே கொழுப்பை அளக்கும் எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி போதுமா?

பதில்: நான் எம்.ஆர்.ஐ. டெக்னீசியன். ரத்தக்குழாய், பித்தக்குழாய் படாத இடமாகப் பார்த்து ஈரலில் சின்னதாக ஒரு கட்டம் வைப்போம். அந்தக் கட்டத்திலிருந்து வரும் சிக்னல் திரையில் வரைபடமாகும்; அதன் பிபிஎம் (அதிர்வெண்) அளவுகோலில் 4.7-இல் தண்ணீரின் கூம்பு, 1.3-இல் கொழுப்பின் கூம்பு எழும். பார்க்கப் பார்க்க அழகு! இரண்டையும் வைத்துத்தான் கணக்கு. கொழுப்பின் பங்கு 5.56 சதவீதத்தைத் தாண்டினால் கொழுப்பு ஈரல். ஆனால் தழும்பு விழுந்திருக்கிறதா என்று இது காட்டாது.

இன்னொருவர்: தழும்புக்கு ஃபைப்ரோஸ்கேன் (ஈரலின் விறைப்பை வெளியிலிருந்தே அளக்கும் ஸ்கேன்) இருக்கிறதே, டாக்டரிடம் கேளுங்கள். அதிலும் ஊசி கிடையாது.

கேட்டவர்: எம்.ஆர். எடுக்கும்போது மூச்சடக்கணுமாமே? அப்பாவுக்கு இளைக்கும்.

டெக்னீசியன்: முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விட்டுவிட்டு எடுப்பார்கள். வீட்டிலேயே படுக்க வைத்துப் பழக்குங்கள்.